சினை ஆட்டின் கடைசி 45 நாட்கள்

செம்மறி ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். கணக்காகச் சொன்னால் 147 முதல் 150 நாட்கள். இதில் முதல் மூன்றரை மாதம் வயிற்றில் குட்டி இருப்பதே வெளியில் தெரியாது. மந்தையோடு போகும், மேயும், வந்து படுக்கும். கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி தன் பிறப்பு எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வளர்கிறது. இரண்டேகால் கிலோவில் பிறக்கும் ஒரு மேச்சேரிக் குட்டியில் ஒன்றரை கிலோ அந்த 45 நாளில் உருவானது. ஆனால் நம் பட்டிகளில் அந்த 45 நாளும் ஆடு மற்ற நாட்களில் தின்றதையே தின்கிறது. கோடையாக இருந்தால் அதுவும் கிடைப்பதில்லை.

குட்டி பிறந்த மறுநாள் செத்தால் 'பனி தாங்கவில்லை' என்கிறோம். மடியில் பால் இறங்காவிட்டால் 'இந்த ஆட்டு வாகு அப்படி' என்கிறோம். ஈனுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது நல்ல ஆடு ஒன்று தலை தொங்கிப் படுத்துவிட்டால் 'கண்ணு பட்டிருச்சு' என்கிறோம். பல நேரங்களில் இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே: கடைசி மாதத்தில் தாயின் வயிற்றுக்குப் போதிய சத்து போகவில்லை.

பால் கறக்காத ஆட்டுக்கு இவ்வளவு தீவனக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். பிரான்சின் லக்கோன், மேற்காசியாவின் அவாசி போன்றவை கறவைச் செம்மறிகள். லக்கோன் பாலில்தான் புகழ்பெற்ற ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். நம் மேச்சேரி இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர் பெற்ற இனம். சேலம், ஈரோடு, தருமபுரி, கரூர், நாமக்கல் பக்கங்களில் பரவியிருப்பது. இதன் பாலை யாரும் சொசைட்டிக்கு ஊற்றுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் முதல் இரண்டு மாதம் குட்டி விற்பனைக்கு ஏற்ற எடைக்கு வருவதும் வராததும் அந்தப் பாலை நம்பித்தான் இருக்கிறது. அந்த வகையில் ஒவ்வொரு தாயாடும் கறவை ஆடுதான். மடி ஊறத் தொடங்குவதும் அதே கடைசி வாரங்களில்தான்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

நாம் சோறு தின்றால் அதன் மாவு சர்க்கரையாகி நேராக ரத்தத்தில் சேரும். ஆட்டுக்கு அப்படியில்லை. அது தின்னும் புல்லையும் தட்டையையும் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அமிலங்களாக்குகின்றன. அவற்றில் ஒன்றான புரோப்பியானிக் அமிலத்தைக் கொண்டு கல்லீரல் சர்க்கரை தயாரிக்கிறது. குட்டி வளர்வதற்கு முதன்மையான எரிபொருள் இந்தச் சர்க்கரை. தாய் தின்றாலும் தின்னாவிட்டாலும் குட்டி தன் பங்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. குட்டி பெரிதாகப் பெரிதாக வயிற்றுக்குள் இடத்தைப் பிடித்து இரைப்பையை நெருக்குகிறது. ஒற்றைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்குச் சாதாரண நாளைவிட ஒன்றரை மடங்கும், இரட்டைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கும் எரிசக்தி தேவைப்படும் நேரத்தில், வயிற்றில் தீவனத்துக்கு இடம் குறைகிறது. காய்ந்த தட்டையை எவ்வளவு குவித்தாலும் அதைத் தின்று அந்தத் தேவையை ஈடுகட்ட முடியாது. அப்போது ஆடு தன் உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். கொழுப்பு கல்லீரலுக்கு வரும். ஆனால் சர்க்கரை இல்லாமல் அதை முழுதாக எரிக்க முடியாது. ஈர விறகை வைத்த அடுப்பு போல, எரிகிற மாதிரி இருக்கும், வீடெல்லாம் புகையாகும். அந்தப் புகைதான் கீட்டோன் எனப்படும் பொருட்கள். அவை ரத்தத்தில் சேரச் சேர ஆட்டுக்குப் பசி போகும். பசி போனதால் இன்னும் தின்னாது. தின்னாததால் இன்னும் கொழுப்பு கரையும். இந்தச் சுழலுக்குப் பெயர் சினைக்கால நச்சு நோய்.

புத்தகங்கள் இதை 'இரட்டைக்குட்டி நோய்' என்றும் சொல்லும். மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டி ஈனும் இனம் என்பதால் இந்த நோய் முற்றி ஆடு விழுவதை நாம் அடிக்கடி பார்ப்பதில்லை. நம் பட்டிகளில் அதே பற்றாக்குறை மெலிந்த தாய், ஒன்றரை கிலோ குட்டி, வற்றிய மடி என்று சத்தமில்லாமல் வெளிப்படுகிறது. அதனால்தான் அதை நோய் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இந்த நிலை மாறவும் வாய்ப்பு இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலம் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், சுந்தரவனப் பகுதியின் கரோல் ஆட்டிலிருந்து இரட்டைக்குட்டி மரபணுவைத் தக்காணி இனத்துக்குக் கொண்டுவந்து 'நாரி சுவர்ணா' என்ற ஆட்டை உருவாக்கியது. கர்நாடகப் பண்ணைகளுக்கும் அது வந்திருக்கிறது. எல்லை தாண்டி நம் பக்கம் கிடா வாங்கி வர நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இரட்டைக் குட்டிக்கான மரபணு கிடாவோடு வரும், இரட்டைக் குட்டிக்கான தீவனம் வராது. ஒற்றைக் குட்டிக்கே போதாத மேய்ச்சலில் இரட்டைக் குட்டியை ஏற்றினால் தாயையும் சேர்த்து இழக்க நேரும். தீவனத்தை முதலில் ஏற்பாடு செய்துகொண்டு கிடாவை வாங்கப் போவது நல்லது என்பது என் கருத்து.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈனுவதற்கு நான்கு வாரம் இருக்கும்போதிருந்து தினமும் காலையில் பட்டியைத் திறக்கும் நேரத்தில் கவனியுங்கள். எல்லா ஆடும் முண்டியடித்து வெளியே வரும்போது ஒன்று மட்டும் பின்தங்கினால் அதுதான் முதல் அறிகுறி. தீவனம் வைத்தால் தட்டையை இரண்டு கடி கடிக்கும், தானியத்தைத் தொடாது. பிறகு பல்லை நறநறவென்று கடிக்கும், தலையை ஒருபக்கமாகத் தூக்கி வெறிக்கும், சுவரில் முட்டி நிற்கும், கண் தெரியாததுபோல் நடக்கும். வாயருகே முகர்ந்தால் அழுகிய பழத்தின் இனிப்பு வாடை வரும். படுத்துவிட்டால் பிழைப்பது அரிது.

மனிதர்களின் சர்க்கரை நோய்க்குச் சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதே பட்டை ஆட்டுக்கும் போதும். படுத்திருக்கும் ஆடு எழுந்தவுடன் சிறுநீர் கழிக்கும். அப்போது ஒரு கிண்ணத்தில் பிடித்துப் பட்டையை நனைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். நரம்பில் குளுக்கோஸ், வாய்வழி புரோப்பிலீன் கிளைக்கால், தேவைப்பட்டால் கால்சியம் என்று அவர் முடிவு செய்வார். நான் பயிரும் தீவனமும் படித்தவன். ஊசி மருந்தில் அவர் சொல்லே கடைசிச் சொல்.

வெல்லக் கரைசல் ஊற்றுவது நம்மிடம் உள்ள வழக்கம். அதனால் பெரிய பயன் இல்லை. காரணம் முன்னே சொன்னதுதான்: ஆட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த வெல்லத்தை முதலில் தின்றுவிடும், ரத்தத்துக்குச் சர்க்கரையாக வருவது சொற்பம். வெல்லம் கொடுத்துவிட்டோமே என்று ஒருநாள் காத்திருப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று. கடைசி மாதத்தில் ஆடு ஒருநாள் முழுப் பட்டினி கிடந்தாலே இந்த நோய் தூண்டப்படும். மாரியம்மன் பண்டிகைக்கு வீட்டோடு உறவினர் ஊருக்குப் போய், ஆட்டைப் பட்டியில் அடைத்து ஒரு கட்டுத் தட்டையைப் போட்டுவிட்டு வருவது, விடாத மழையில் மேய்ச்சலுக்கு விடாமல் வைப்பது, நிறைசினையை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவது, நாய் துரத்துவது எல்லாம் இதில் சேரும். அதேபோல, நன்றாகக் கொழுத்த ஆட்டுக்கும் இந்த நோய் வரும். கொழுப்பு வயிற்றுக்குள் இடத்தை அடைப்பதால் அது குறைவாகத் தின்னும், கரைக்கக் கொழுப்பும் நிறைய இருக்கும். 'என் ஆடு குண்டாகத்தான் இருக்கு' என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

மெலிவா, அளவா, கொழுப்பா என்பதைக் கண்ணால் அளக்காதீர்கள், கையால் தடவிப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகெலும்பின் மேல் விரல்களை வையுங்கள். முள் போலக் குத்தினால் மெலிவு. எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் அதிகக் கொழுப்பு. அழுத்தினால் மட்டும் எலும்பு வழவழப்பாகத் தட்டுப்பட வேண்டும். அதுதான் ஈனும் ஆட்டுக்கு ஏற்ற நிலை.

ஒன்பது கிலோ தானியம்

வளர்ந்த மேச்சேரிப் பெட்டை சுமார் 25 கிலோ இருக்கும். மேய்ச்சலோடு நாளுக்கு 200 கிராம் அடர்தீவனம் கடைசி 45 நாள் கொடுத்தால் மொத்தம் 9 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் 270 ரூபாய். ஒரு குட்டியின் விலை உங்களுக்குத் தெரியும். 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுத்தார்கள். அந்த அளவு மந்தைக்கு 36 கிலோ, ஒரு மூட்டைகூட இல்லை.

கலவைக்கு விலை உயர்ந்த பொருள் வேண்டியதில்லை. உடைத்த மக்காச்சோளம் அல்லது சோளம் அல்லது கேழ்வரகு 50 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 20, தவிடு 27, தாது உப்பு 2, சாதா உப்பு 1 என்று கலந்தால் 100 கிலோ. பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். தாது உப்பு ஆட்டுக்கென்று தயாரித்ததாக இருக்கட்டும். மாட்டுக்கானதில் தாமிரம் அதிகம் இருக்கலாம், செம்மறிக்குத் தாமிரம் கூடினால் நஞ்சு. முதல் நாளே 200 கிராமும் வைத்தால் வயிறு புளித்துவிடும். 50 கிராமில் தொடங்கி பத்து நாளில் ஏற்றுங்கள். காலை பாதி, மாலை பாதி. இரட்டைக் குட்டி என்று தெரிந்தால் 300 கிராம் வரை போகலாம்.

முதல் மூன்று மாதம் எதுவும் வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. குட்டிக்கு உணவு கடத்தும் நஞ்சுக்கொடி வளர்ந்து முடிவது சினையின் சுமார் 90 நாளுக்குள். அந்த நாட்களில் ஆடு கடுமையாக வாடினால் நஞ்சுக்கொடி சிறுத்துவிடும், பிறகு கொட்டினாலும் குட்டிக்குப் போய்ச் சேராது. சராசரி மேய்ச்சல் இருந்தால் போதும், எடை மட்டும் இறங்கக் கூடாது.

கருவில் பட்ட பசி பிறந்த பிறகும் தொடரும் என்பது மனிதர்களிடமே பார்த்த உண்மை. 1944-45 குளிர்காலத்தில் போரால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. அப்போது கருவில் இருந்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரைக் கோளாறு அதிகம் இருந்ததைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்தத் துறையில் செம்மறி ஆட்டுக்கு மனிதர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்மாருக்கு, குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்களே, அதன் தொடக்கம் நியூசிலாந்து மருத்துவர் லிகின்ஸ் 1960-களில் சினைச் செம்மறிகளில் செய்த ஆய்வு.

எந்த மாதம் ஈனுகிறது?

பயிருக்குப் பட்டம் பார்ப்பதுபோல ஆட்டுக்கும் பார்க்க வேண்டும். ஆடியில் கிடா சேர்ந்தால் மார்கழியில் குட்டி. கடைசி 45 நாள் ஐப்பசியின் பின்பாதியும் கார்த்திகையும். மழை பெய்து புல் இருக்கும், கேழ்வரகும் அறுவடைக்கு வரும். மார்கழியில் கிடா சேர்ந்தால் வைகாசியில் குட்டி. கடைசி 45 நாள் பங்குனிப் பின்பாதியும் சித்திரையும். அப்போது பென்னாகரம், நல்லம்பள்ளி மானாவாரிக் காடுகளில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நம் மந்தைகளில் கிடா வருடம் முழுக்க உள்ளேயே திரிவதால் எந்த ஆடு எப்போது ஈனும் என்ற கணக்கே இருப்பதில்லை.

இதற்கு எளிய வழி உண்டு. காவிப்பொடியைக் கடலை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் தடவுங்கள். அது ஏறிய பெட்டையின் முதுகில் காவி ஒட்டும். அந்தத் தேதியைச் சுவரில் எழுதுங்கள். பெட்டைக்கு 17 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். 17 நாள் கழித்து நிறத்தை மாற்றுங்கள். அதே ஆட்டில் புது நிறம் ஒட்டினால் முன்னது நிற்கவில்லை. இரண்டு நிறம் தடவி முடித்ததும் கிடாவைத் தனியே கட்டிவிட்டால் எல்லாக் குட்டிகளும் ஐந்து வாரத்துக்குள் பிறக்கும். தானியம் கொடுப்பதும் ஒரே வேலையாக முடியும்.

கோடையில் ஈனத்தான் போகிறது என்றால் இப்போதே சேமிக்க வேண்டியது நிலக்கடலைக் கொடி. புரதம் உள்ள நல்ல உலர்தீவனம். மழையில் நனையாமல் போர் போட்டு, சினை ஆட்டுக்கென்றே ஒதுக்கிவையுங்கள். கேழ்வரகுத் தட்டை நெல் வைக்கோலைவிட எளிதில் செரிக்கும், சுண்ணாம்புச் சத்தும் உள்ளது. கொள்ளுப் பொட்டும் நல்லது. கொள்ளையே ஊறவைத்து ஒரு கைப்பிடி கொடுத்தால் பிண்ணாக்கை அந்த அளவு குறைக்கலாம். கோடையில் பழுத்து உதிரும் கருவேலங்காய் மரம் தரும் அடர்தீவனம். விதை செரிக்காமல் வெளியே போகும் என்பதால் இடித்துக் கொடுங்கள். வேலியோரம் இரண்டு சென்ட் வேலிமசால் இருந்தால் சித்திரையிலும் பச்சை கிடைக்கும். வாரம் ஒரு தண்ணீர் விட்டால் போதும்.

பட்டுப்புழு வளர்ப்போர் மல்பெரி இலை மிச்சத்தை ஆட்டுக்குப் போடுகிறார்கள். இலை அருமையான தீவனம்தான். ஆனால் புழுப் படுக்கையில் சுண்ணாம்பும் கிருமிநாசினித் தூளும் தூவிய மிச்சத்தைச் சினை ஆட்டுக்குப் போட வேண்டாம், தோட்டத்தில் இருந்து நேராகக் கவாத்து செய்த கொப்புகளைக் கட்டுங்கள். மருந்து தெளித்த தோட்டம் என்றால் அதுவும் கூடாது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மரவள்ளி இலையும் தோலும் நிறையக் கிடைக்கும். பச்சையாகக் கொடுத்தால் அதில் உள்ள சயனைடு கொல்லும். நன்கு வெயிலில் உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும். வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிருக்கும் இதே எச்சரிக்கை. சூபாபுல் தழையை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள்.

தண்ணீரும் பல்லும்

தருமபுரிக்கே உரிய ஒரு சங்கதி நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு. மக்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆடு மாடு மட்டும் இன்னும் பல ஊர்களில் போர்வெல் தொட்டியிலேயே குடிக்கிறது. ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரை வருடக்கணக்கில் குடிக்கும் ஆட்டின் பல் பழுப்பேறி, வயதுக்கு முன்பே தேய்ந்துபோகும். பல் தேய்ந்த ஆடு எவ்வளவு மேய்ச்சல் இருந்தாலும் மென்று தின்ன முடியாது, சினையில்தான் அது முதலில் விழும். கிடா சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு பெட்டையின் வாயையும் திறந்து பாருங்கள். பல் போன ஆட்டைச் சினைக்கு விடாமல் கழித்துவிடுவது அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. சினை ஆட்டுக்காவது ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைநீர் கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

சீம்பால்

மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைக் கருவிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. ஆட்டின் நஞ்சுக்கொடி அப்படி எதையும் கடத்தாது. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது, அதற்கான பாதுகாப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. குட்டியின் குடல் அதை உள்ளே விடுவதும் முதல் 24 மணி நேரம்தான், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். ஆகவே நஞ்சு விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். காம்பில் உள்ள அடைப்பு போக ஒரு பீச்சு பீச்சிவிட்டு, அரைமணி நேரத்துக்குள் குட்டியை ஊட்டவிடுங்கள். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டேகால் கிலோ குட்டிக்கு 225 மி.லி. நாலைந்து தடவையாக உள்ளே போக வேண்டும். தாய்க்குச் சுரக்காவிட்டால் அன்று ஈன்ற வேறொரு ஆட்டின் சீம்பால், அதுவும் இல்லையென்றால் பசுவின் சீம்பால். மாடு ஈன்றால் திரட்டுப்பால் கிண்டும் வீட்டார் ஒரு டம்ளரை உறைபெட்டியில் எடுத்துவைத்தால் மார்கழியில் ஒரு குட்டி பிழைக்கும். உறைந்ததைக் கொதிக்கவைக்காமல் வெந்நீரில் பாத்திரத்தை வைத்து இளகவிட வேண்டும்.

சீம்பாலில் எது இருக்கிறது என்பது தாய்க்கு எதைப் போட்டோம் என்பதைப் பொறுத்தது. ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன் தாய்க்குத் துள்ளுமாரி தடுப்பூசி போட்டால் குட்டிக்கும் அந்தப் பாதுகாப்பு பாலோடு போகும். குடற்புழு நீக்கமும் ஈனும் சமயத்தில் முக்கியம், அப்போது தாயின் எதிர்ப்பு தளர்ந்து புழு பெருகும். ஆனால் சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகப் பிறக்கலாம். கிடா சேர்ந்த தேதியைச் சுவரில் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

குட்டி பிறந்ததும் தொப்புளில் டிங்க்சர் அயோடின் தடவிவிட்டு, ஒரு சாக்குப்பையில் வைத்துத் தொங்கும் தராசில் எடை போட்டு, தாயின் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இரண்டு கிலோவுக்குக் கீழே என்றால் அன்றிரவு அது தாயோடு வீட்டுத் திண்ணையில் படுக்கட்டும். இளங்குட்டி தன் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பை எரித்துத்தான் சூடு காக்கிறது, எடை குறைந்த குட்டியிடம் அது விடியும்வரை வராது. தாய்க்கு அடர்தீவனத்தை ஈன்ற மறுநாள் நிறுத்திவிடாமல், குட்டி தானாகத் தழை கடிக்கும்வரை இன்னும் இரண்டு மாதம் தொடருங்கள். தீவனப்பயிர் விதை, கரணை பற்றிய விவரங்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையும், ஆடு வளர்ப்புப் பயிற்சிக்குத் தருமபுரியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தையும் அணுகலாம்.